ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோருக்கு: வீட்டில் பழக வேண்டிய திறன்களும் உங்கள் நலமும்

குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து பெற்றோர் கையில் ஒரு பட்டியல் நீள ஆரம்பிக்கிறது. ஸ்பீச் தெரபி, ஓ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பெஷல் எஜுகேஷன், சாப்பாட்டு மாற்றம், சொந்தக்காரர் ஒருவர் சொன்ன நாட்டு மருந்து. அந்தப் பட்டியலில் அம்மாவின் தூக்கம் இருக்காது. அப்பாவின் மனநிலையும் இருக்காது. இந்த வழிகாட்டியில் அந்த இரண்டையும் முன்னால் வைத்திருக்கிறேன். வாரத்தில் தெரபிஸ்ட் குழந்தையோடு இருப்பது இரண்டு மூன்று மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்து, கூடவே இருப்பது நீங்கள். நீங்கள் ஓய்ந்துபோனால் எவ்வளவு நல்ல தெரபியும் வீட்டுக்குள் வந்து சேராது.

பெற்றோருக்கான பயிற்சி என்பது புதிதாக முளைத்த யோசனை இல்லை. உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதம் உள்ள 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளின் குடும்பங்களுக்காக ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. ஒன்பது குழு வகுப்புகள், மூன்று வீட்டுச் சந்திப்புகள். நடத்துபவர் டாக்டராகவோ தெரபிஸ்ட்டாகவோ இருக்கத் தேவையில்லை, முறையாகப் பயிற்சி பெற்றவராக இருந்தால் போதும். நம் பக்கத்திலேயே கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2016 இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்தது. அதில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். எட்டு மாதத்தில் பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஏற்ப நடந்துகொள்வது கூடியது, குழந்தைகள் தாங்களாகவே தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. கீழே சொல்லியிருக்கும் பலவற்றுக்கும் இப்படிப்பட்ட திட்டங்கள்தான் அடிப்படை. வரிசை மட்டும் என்னுடையது.

படி 1: பழியை இறக்கி வையுங்கள்

"வயித்துல இருக்கும்போது நீ அழுதுட்டே இருந்தே, அதான்." "வேலைக்குப் போனே, பிள்ளையைக் கவனிக்கலை." "எந்நேரமும் போனைக் கையில கொடுத்தா இப்படித்தான்." ஆட்டிசம் உள்ள குழந்தையின் அம்மா இதில் ஒன்றையாவது கேட்டிருப்பார். உறவினர்கள் மட்டும் இப்படிப் பேசவில்லை. ஒரு காலத்தில் மருத்துவ உலகமே பேசியது. தாய்மார்களின் பாசம் போதாததால்தான் குழந்தை ஒதுங்கிப் போகிறது என்ற கருத்தை 1967 இல் அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் புத்தகமாகவே எழுதிப் பரப்பினார். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் அதற்கு மூன்று வருடம் முன்பே, இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று விரிவாக எழுதியிருந்தார். 1977 இல் வந்த இரட்டையர் ஆய்வு, மரபணுவின் பங்கு பெரியது என்று காட்டியது. தாய்ப் பாசக் கதை அறிவியலில் முடிந்துவிட்டது. நம் வீட்டுக் கூடங்களில்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தடுப்பூசியும் காரணம் இல்லை. அப்படிச் சொன்ன 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழே 2010 இல் திரும்பப் பெற்றது. அடுத்த குழந்தைக்குத் தடுப்பூசி போடாமல் விட்டுவிடாதீர்கள். செல்போனைக் குறைப்பது நல்லதுதான், ஏனென்றால் உங்களோடு விளையாடும் நேரத்தை அது தின்றுவிடுகிறது. ஆனால் ஆட்டிசத்தை போன் உண்டாக்கவில்லை.

இந்தப் படியில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. கணவனும் மனைவியும் உட்கார்ந்து, இனி இதற்கு யாரையும் காரணம் சொல்லக் கூடாது என்று வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். உறவினர்களுக்கு ஒரே பதிலை இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்: "இது பிறவியிலேயே மூளை வளர்ச்சியில இருக்கற வித்தியாசம். டாக்டர் பார்த்துட்டு இருக்காங்க." அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்ல நீங்கள் கடமைப்படவில்லை.

இன்னொன்று, குழந்தையின் காதுகேட்கும் திறனைப் பரிசோதித்துவிட்டீர்களா என்று பாருங்கள். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு, ஆட்டிசம் உறுதியாகத் தெரிந்தாலும், பெரா போன்ற செவிப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

படி 2: முதலில் உங்கள் தூக்கம், உங்கள் மனம்

அமெரிக்காவில் மாற்றுத்திறன் குழந்தைகளின் தாய்மார்கள் 243 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2014 இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. பெரும்பாலானவர்களின் குழந்தைகளுக்கு ஆட்டிசம். கிட்டத்தட்டப் பாதித் தாய்மார்கள் மனச்சோர்வு என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தார்கள். ஆறு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் அவர்களுக்குப் பயிற்சி. ஒரு குழுவுக்கு மூச்சும் மன ஒருமையும், இன்னொரு குழுவுக்குக் குற்றவுணர்வையும் கவலையையும் கையாளும் விதம். இரண்டு குழுக்களுமே தேறின, மூச்சுப் பயிற்சிக் குழுவில் தூக்கமும் பதற்றமும் கூடுதலாகச் சரியாயின. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. பயிற்சி கொடுத்தவர்களும் இப்படிப்பட்ட குழந்தைகளின் தாய்மார்கள்தான். அதே பாதையில் நடந்த இன்னொரு அம்மாவின் சொல்லுக்கு இருக்கிற பலம் வேறு எதற்கும் வராது.

இனி, வீட்டில் என்ன செய்வது?

இரவைப் பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தை நடு இரவில் எழுந்துவிடுகிறது என்றால் இரண்டு மணி வரை ஒருவர், அதன் பிறகு மற்றவர். விழித்திருக்கும் முறை இல்லாதவர் வேறு அறையில் கதவை மூடிக்கொண்டு தூங்க வேண்டும். ஒரே அறைதான் என்றால் வாரத்தில் இரண்டு பகல் வேளையாவது பாட்டியோ சித்தியோ குழந்தையை வைத்துக்கொள்ள, அம்மா தூங்கட்டும். அந்த நேரத்தில் துணி துவைக்கக் கூடாது. "அவர் வேலைக்குப் போகணுமே" என்று எல்லா இரவையும் அம்மாவே சுமப்பது பல வீடுகளில் நடக்கிறது. அம்மாவுக்கும் மறுநாள் வேலைதான், வீட்டுக்குள்ளே என்பதால் அது கண்ணில் படுவதில்லை.

தினம் ஐந்து நிமிடம் மூச்சைக் கவனியுங்கள். உட்கார்ந்து, மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக விடுங்கள். மனம் ஓடினால் திரும்பக் கொண்டுவாருங்கள். குழந்தை அலறும்போது உங்கள் கையும் குரலும் நடுங்காமல் இருக்க இந்தப் பழக்கம் உதவும், ஆனால் அமைதியான நேரத்தில் பழகியிருந்தால்தான் அவசரத்தில் கை கொடுக்கும்.

கவலைகளைத் தாளில் எழுதி இரண்டாகப் பிரியுங்கள். இந்த வாரம் நாம் ஏதாவது செய்ய முடிந்தவை ஒரு பக்கம், முடியாதவை மறுபக்கம். "நமக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்" என்ற கேள்வி எல்லோரையும் இரவில் எழுப்புகிறது. அதைக் கூடச் சிறு துண்டுகளாக உடைக்கலாம்; கடைசிப் படியில் அதற்கான சில வேலைகள் இருக்கின்றன.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் ஆர்வமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பசியோ தூக்கமோ கெட்டுவிட்டது, செத்துப்போகலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவோம் என்றோ எண்ணம் எழுகிறது என்றால் அது சோம்பலும் இல்லை, பாசக்குறைவும் இல்லை. மருத்துவம் தேவைப்படும் நிலை. 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கான இலவச எண்ணில் தமிழிலேயே எந்த நேரமும் பேசலாம். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சாவைப் பற்றிய எண்ணம் வந்த அன்றே பேசுங்கள், குழந்தையை அப்போதைக்கு வேறு ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

அப்பாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல அப்பாக்கள் பணம் கட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள் என்று குறை சொல்கிறோம். குழந்தையோடு என்ன செய்வதென்று அவர்களுக்கு யாரும் காட்டிக்கொடுப்பதில்லை என்பதும் உண்மை. தெரபிக்கு மாதம் ஒரு முறையாவது அப்பா தனியாகக் கூட்டிப்போகட்டும். கீழே வரும் விளையாட்டு நேரத்தில் ஒன்று அவருடையதாக இருக்கட்டும். தாத்தா பாட்டிக்கும் "பார்த்துக்கங்க" என்று பொதுவாகச் சொல்லாமல் ஒரு குறிப்பிட்ட வேலையைக் கொடுங்கள், மாலை நடை, இரவுக் கதை, இப்படி ஏதாவது.

ஆட்டிசம் இல்லாத மற்ற பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது அம்மாவோ அப்பாவோ தனியாகக் கிடைக்க வேண்டும். "நீதான் தம்பியைப் பார்த்துக்கணும்" என்று ஏழு வயது அக்காவிடம் சொல்லாதீர்கள்.

படி 3: ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு நோட்டு போடுங்கள். குழந்தைக்கு என்ன பிடிக்கிறது? தண்ணீர், சுழலும் மின்விசிறி, பாத்திர மூடி, ஊஞ்சல், பஸ் எண்கள், எதுவாகவும் இருக்கலாம். எது தாங்க முடியவில்லை? குக்கர் விசில், மிக்சி, தலை சீவுவது, சட்டையின் லேபிள், கல்யாண மண்டபத்து நாதஸ்வரம், தீபாவளி வெடி. தனக்கு வேண்டியதை எப்படிக் கேட்கிறது? கையைப் பிடித்து இழுத்தா, அழுதா, சொல்லாலா, பார்வையாலா? நாளின் எந்த நேரம் நன்றாக இருக்கிறது, எந்த நேரம் கலவரமாகிறது?

இந்த நோட்டு தெரபிஸ்ட்டிடம் பேசும்போதும் பெரிய உதவி. "ரொம்ப அடம்" என்பதைவிட "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, பசி நேரத்துல, மிக்சி போட்டா அலறுகிறான்" என்றால் அவருக்கும் வேலை சுலபம்.

படி 4: தினம் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிடம் விளையாட்டு

பெற்றோர் பயிற்சிகளின் உயிர்நாடி இதுதான். டி.வி., போன் இரண்டையும் அணைத்துவிட்டுத் தரையில், குழந்தைக்கு எதிரில், அதன் முக உயரத்துக்கு வாருங்கள். விலையுயர்ந்த பொம்மை வேண்டாம். டம்ளர், கிண்ணம், கொஞ்சம் பயறு, ஒரு வாளித் தண்ணீர், பழைய சேலையில் கட்டிய தூளி போதும். சின்னக் குழந்தை வாயில் போடும் பழக்கம் இருந்தால் பயறை விட்டுவிடுங்கள்.

என்ன விளையாடுவது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். குழந்தை மூடியைச் சுழற்றினால் நீங்களும் இன்னொரு மூடியை எடுத்துச் சுழற்றுங்கள். வரிசையாகக் கார்களை அடுக்கினால் அடுத்த காரை எடுத்துக் கொடுங்கள். அப்போதுதான் "இவர் என் விளையாட்டுக்குள் வந்திருக்கிறார்" என்று குழந்தை நிமிர்ந்து பார்க்கும். கண்ணைப் பார், கண்ணைப் பார் என்று முகத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். பலருக்குக் கண்ணோடு கண் பார்ப்பது உண்மையிலேயே கஷ்டம். ஆட்டிசம் உள்ள பெரியவர்களே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்விகளைக் குறையுங்கள். "இது என்ன? என்ன கலர்? சொல்லு, சொல்லு" என்று தேர்வு வைத்தால் விளையாட்டு அங்கேயே செத்துவிடும். நடப்பதை மட்டும் சின்னச் சொற்களில் சொல்லுங்கள். குழந்தை இன்னும் பேசவில்லை என்றால் ஒரு சொல்: "ஊத்து." ஒரு சொல் பேசினால் இரண்டு சொல்: "தண்ணி ஊத்து." குழந்தை இருக்கிற படிக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான்.

அப்புறம் காத்திருங்கள். இதுதான் மிகக் கடினம். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் மடக்கி, கை வழியே நண்டாக ஏறிக் கிச்சுகிச்சு மூட்டுகிற பழைய விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து முறை முழுதாகச் செய்துவிட்டு, அடுத்த முறை முழங்கையில் நிறுத்துங்கள். முகத்தில் எதிர்பார்ப்போடு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஒரு பார்வை, ஒரு சத்தம், கையை இழுப்பது, எது வந்தாலும் அது "இன்னும் வேணும்" என்ற பேச்சு. உடனே கிச்சுகிச்சு கொடுங்கள்.

இந்த இருபது நிமிடம் போக மீதி நேரம் நீங்கள் அம்மாவாகவும் அப்பாவாகவும் இருந்தால் போதும். வீட்டை முழுநேர தெரபி சென்டராக மாற்றியவர்கள் மூன்றே மாதத்தில் சோர்ந்துபோகிறார்கள், குழந்தையும் அவர்களைக் கண்டால் ஓட ஆரம்பிக்கிறது.

படி 5: பேச்சுக்கு முன்னால் தொடர்பு

கேட்டால் பலன் உண்டு என்பது குழந்தைக்குப் புரிய வேண்டும். பிடித்த முறுக்கு டப்பாவைக் கண்ணில் படுகிற, கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். பார்த்தாலோ காட்டினாலோ சத்தம் கொடுத்தாலோ, "முறுக்கு" என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று அழவிட வேண்டாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வையுங்கள்: ஒரு கையில் பால், ஒரு கையில் தண்ணீர்.

பட அட்டையோ, தொட்டால் பேசுகிற டேப்லெட் செயலியோ கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பேச்சைத் தடுப்பதாக எங்கும் காணப்படவில்லை, சிலருக்குப் பேச்சு கூடவும் செய்கிறது.

மொழியைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். "குழப்பிக்கும், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்ற அறிவுரை இன்னமும் பல இடங்களில் கொடுக்கப்படுகிறது. இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் தாமதம் வருவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பாட்டிக்குத் தெரியாத மொழியில் குழந்தையை வளர்த்தால், அன்பாகப் பேசுகிற ஒரு ஆள் அதற்குக் குறைந்துபோகிறார். உங்களுக்கு இயல்பாக வரும் தமிழில் கொஞ்சுங்கள், திட்டுங்கள், கதை சொல்லுங்கள்.

படி 6: நாளை முன்கூட்டியே காட்டுங்கள், வேலையைத் துண்டாக்குங்கள்

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதது பல குழந்தைகளுக்குப் பெரிய பதற்றம். உங்கள் போனிலேயே படம் எடுத்து அச்சிட்டு வரிசையாக ஒட்டுங்கள்: பல் தேய்ப்பது, குளியல், இட்லி, வேன், ஸ்கூல். முடிந்த படத்தை எடுத்து ஒரு டப்பாவில் குழந்தையே போடட்டும். இன்னும் எளிதாக, இரண்டே படம்: முதலில் குளியல், பிறகு ஊஞ்சல். கோயில், கல்யாணம், ஊர்ப் பயணம் என்றால் முந்தைய நாளே இடத்தின் படத்தைக் காட்டுங்கள்.

ஒரு புதிய திறனைச் சொல்லிக்கொடுக்கும்போது அதைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரியுங்கள். டவுசர் போடுவது என்றால்: பிடிப்பது, ஒரு கால், மறு கால், முழங்கால் வரை இழுப்பது, இடுப்பு வரை இழுப்பது. எல்லாவற்றையும் நீங்கள் செய்துவிட்டுக் கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். "போட்டுட்டான்!" என்ற மகிழ்ச்சி ஒவ்வொரு முறையும் அதற்குக் கிடைக்கும். அது வந்துவிட்டால் கடைசி இரண்டு அசைவு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். கை கழுவுவது, தட்டை எடுத்து வைப்பது எல்லாம் இப்படியே. ஒரு நேரத்தில் ஒரே திறன். சொல்லால் விரட்டுவதைவிடக் கைமேல் கை வைத்து மெதுவாக வழிகாட்டி, பிறகு கையை எடுத்துவிடுவது நல்லது. குழந்தை கையை உதறினால் வற்புறுத்த வேண்டாம்.

படி 7: அலறல், அடி, கடி, தலையை மோதுவது

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இதில் பெற்றோர் பயிற்சி உண்மையாகவே வேலை செய்கிறது. 3 முதல் 7 வயது வரையிலான 180 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2015 இல் ஜாமா இதழில் வந்தது. பாதிப் பெற்றோருக்கு 24 வாரம் ஆட்டிசம் பற்றிய தகவல் மட்டும், பாதிப் பேருக்கு நடத்தையைக் கையாளும் திறன் பயிற்சி. இரண்டு பக்கமும் முன்னேற்றம் இருந்தது, ஆனால் திறன் கற்ற குடும்பங்களில் பிரச்சினைகள் கூடுதலாகக் குறைந்தன.

முதல் கேள்வி: உடம்பில் வலி இருக்கிறதா? திடீரென்று நடத்தை மாறினால் மலச்சிக்கல், பல்வலி, காதுவலி, காய்ச்சல், தூக்கமின்மை இவற்றைப் பாருங்கள். மலச்சிக்கல் இந்தக் குழந்தைகளுக்கு மிகச் சாதாரணம், அதைச் சொல்லத்தான் தெரியாது.

வலி இல்லை என்றால் மூன்று விஷயங்களை எழுதுங்கள். அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை சரியாக என்ன செய்தது, உடனே பிறகு என்ன ஆனது. பத்துப் பதினைந்து நிகழ்ச்சி சேர்ந்தால் காரணம் தெரிய ஆரம்பிக்கும். பெரும்பாலும் நான்கில் ஒன்று: ஒரு பொருள் வேண்டும், ஒரு வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும், யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும், அல்லது உடல் உணர்வு, அதாவது சத்தம் தாங்காமலோ, அந்த அசைவு இதமாக இருப்பதாலோ.

உதாரணமாக, மளிகைக் கடைக்குப் போனால் தரையில் விழுந்து புரள்கிறான். நோட்டைப் பார்த்தால் கூட்டமான மாலையில் மட்டும்தான் அது நடக்கிறது, காலையில் இல்லை. அப்படியானால் காரணம் சாக்லேட் இல்லை, கூட்டமும் சத்தமும். தீர்வும் மாறிவிடுகிறது: காலையில் போங்கள், காதை மூடும் ஹெட்போன் போடுங்கள், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுங்கள். அதே புரளல் சாக்லேட் அலமாரிக்கு முன்னால் மட்டும் நடந்து, வாங்கிக் கொடுத்ததும் நின்றுவிடுகிறது என்றால் வழி வேறு. போகும் முன்பே படம் காட்டி "இன்னைக்கு ஒரு பிஸ்கட்" என்று சொல்லுங்கள், அமைதியாகக் கேட்டால் அதைக் கொடுங்கள், அலறினால் கொடுக்காதீர்கள். இப்படிக் கொடுக்காமல் விட்ட முதல் சில நாட்களில் அலறல் இன்னும் கூடும். அதைத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். பாதியில் விட்டுக்கொடுத்தால் "இன்னும் பலமா அலறினா கிடைக்கும்" என்பது பாடமாகிவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்பதும் இதனால்தான். தாத்தா ரகசியமாகக் கொடுத்தால் எல்லாம் போச்சு.

உணர்வுச் சுமை தாங்காமல் வெடிக்கும் மெல்ட்டவுன் வேறு வகை. அப்போது குழந்தைக்கு எதுவும் ஏறாது. பேசாதீர்கள், விளக்கம் கேட்காதீர்கள், மிரட்டாதீர்கள். விளக்கையும் சத்தத்தையும் குறைத்து, மோதிக்கொள்ளக் கூடிய பொருட்களை நகர்த்தி, பக்கத்தில் அமைதியாக இருங்கள். இறுக்கி அணைப்பது பிடித்த குழந்தைக்கு அணைப்பு, பிடிக்காததற்கு இடைவெளி. பஸ்ஸில் நடந்தால் முன்பே மனப்பாடம் செய்த ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள்: "பையனுக்கு ஆட்டிசம், சத்தம் தாங்கலை. கொஞ்சம் இடம் விடுங்க, சரியாயிடுவான்." மற்றவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம், குழந்தையைப் பாருங்கள்.

அடி, சூடு, மிளகாய், இருட்டு அறை, கட்டிப்போடுவது எதுவும் கூடாது. பயத்தில் ஒரு நிமிடம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும், உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். கையை உதறுவது, ஆடுவது, குதிப்பது யாருக்கும் காயம் செய்யாதவரை விட்டுவிடுங்கள். குழந்தை தன்னைச் சமாதானம் செய்துகொள்ளும் வழி அது. தலையை மோதி ரத்தம் வருகிற அளவுக்குப் போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: தண்ணீர். வீட்டை விட்டு ஓடுகிற குழந்தைகள் பலர் தண்ணீரை நாடிப் போகிறார்கள், நீரில் மூழ்குவதுதான் அவர்களுக்கு மிகப் பெரிய உயிராபத்து. கதவில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், கிணற்றுக்கும் தொட்டிக்கும் மூடி, சட்டைக்குள் போன் எண் எழுதிய அட்டை, அக்கம்பக்கத்தாரிடம் குழந்தையின் படம். குழந்தை காணோம் என்றால் முதலில் தேட வேண்டியது குளம், கிணறு, கால்வாய். முடிந்தவரை சீக்கிரம் நீச்சல் பழக்குங்கள்.

படி 8: தூக்கமும் சாப்பாடும்

தினம் ஒரே நேரத்தில் எழுப்புங்கள், இரவு எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும். மாலைத் தூக்கத்தை நிறுத்துங்கள். படுக்கும் ஒரு மணி நேரம் முன் திரைகள் வேண்டாம். வெந்நீர்க் குளியல், அதே போர்வை, அதே கதை என்று வரிசை மாறாமல் இருக்கட்டும். ஓரிரு மாதத்திலும் சரியாகாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். தூக்கத்துக்கான மெலடோனின் மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

தயிர் சாதம் தவிர எதையும் தொடாத குழந்தைக்கு வாயைத் திறந்து திணிப்பது பிரச்சினையைக் கூட்டும். பிடித்ததற்குப் பக்கத்தில் ஒரு சிட்டிகை புதியதை வையுங்கள், சாப்பிடச் சொல்லாதீர்கள். தொடுவது, முகர்வது, நக்குவது எல்லாம் முன்னேற்றம். மண், சுண்ணாம்பு தின்றால் ரத்தப் பரிசோதனை செய்து இரும்புச் சத்தைப் பாருங்கள். பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசம் குறையும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஏற்கெனவே நான்கைந்து உணவுகளில் வாழும் குழந்தையிடமிருந்து அதில் இரண்டைப் பிடுங்கிவிடாதீர்கள்.

படி 9: தெரபி, பயிற்சி இரண்டையும் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுங்கள்

"செஷனை நான் பார்க்கலாமா? இந்த மூன்று மாதத்தில் என்ன குறிக்கோள்? வீட்டில் எனக்கு என்ன சொல்லித்தருவீர்கள்? குழந்தை அழுதால் என்ன செய்வீர்கள்?" இந்த நான்கையும் கேளுங்கள். பெற்றோரை வாசலிலேயே நிறுத்தும் இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

"முழுக்கக் குணமாக்கிவிடுவோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி ஆட்டிசத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று செய்யும் கீலேஷன் உயிருக்கே ஆபத்து. அந்தப் பணத்தில் வாரத்துக்கு இரண்டு அரைநாள் வீட்டு உதவிக்கு ஆள் வைத்தால் குழந்தைக்கும் உங்களுக்கும் அதைவிடப் பல மடங்கு நல்லது.

செலவில்லாமல் தொடங்க, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ இருக்கும் மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழக அரசின் 'விழுதுகள்' மையங்கள் இன்னொரு வழி. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கும் நிப்மெட் மத்திய அரசு நிறுவனம், அங்கே மதிப்பீடும் தெரபியும் பெற்றோர் வழிகாட்டலும் உண்டு. உங்கள் ஊரில் பெற்றோர் குழு எதுவும் இல்லையென்றால் தெரபி சென்டர் வராந்தாவில் தினமும் காத்திருக்கும் நான்கு அம்மாக்களே ஒரு குழுதான். மாதம் ஒரு முறை ஒருவர் வீட்டில் கூடுங்கள்.

படி 10: காகிதங்கள்

2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சான்றிதழுக்கு இந்தியாவில் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 கேள்விகள் கொண்ட அளவுகோலை வைத்து மதிப்பிடுவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி.க்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். "சான்றிதழ் வாங்கினால் முத்திரை குத்தினது மாதிரி" என்று தள்ளிப்போடும் பெற்றோர் நிறைய. உதவித்தொகை, பள்ளிச் சலுகை, தேர்வில் கூடுதல் நேரம், காப்பீடு எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. நீங்கள் காட்டாத இடத்தில் யாருக்கும் அது தெரியப்போவதில்லை.

1999 ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நிராமயா காப்பீடு இருக்கிறது, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவிலும் ஒரு பகுதி இதில் வரும். ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் சட்டப்படி அவர் பெரியவர், நீங்கள் தானாகப் பாதுகாவலர் ஆகமாட்டீர்கள். எல்லோருக்கும் பாதுகாவலர் தேவைப்படாது. தன் முடிவைத் தானே சொல்லத் தெரிந்தவரிடம் அந்த உரிமையை விட்டுவிடுவதுதான் சரி. தேவை என்றால் அதே 1999 ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு இது ஒரு பகுதிப் பதில். இன்னொரு பகுதி உயில். குழந்தையின் பெயரில் நேரடியாகச் சொத்தை எழுதுவதா, அறக்கட்டளை வழியாகவா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, பிள்ளை சின்னவனாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். எந்த மருந்து, எந்தச் சத்தம் ஆகாது, எந்தப் போர்வை வேண்டும், அழுதால் என்ன செய்வது என்று படி 3 இல் ஆரம்பித்த நோட்டில் ஒரு பக்கம் எழுதி, அதன் நகலைத் தம்பியிடமோ நாத்தனாரிடமோ கொடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைத் திருத்துங்கள்.